போர்டிகோ இல்லாத வீட்டில் கருப்புக் கார்: தெருவிலேயே கழுவி வாக்ஸ் போடும் முறை

தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் போர்டிகோ கிடையாது. வாசலை ஒட்டித் தெருவில் ஓர் இடம், அதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு தெரு தள்ளி ஒரு சுவரோரம். அங்கே ஹோஸ் இழுக்க வழியில்லை, குழாயும் இல்லை. இந்த நிலையில் கருப்பு, கருநீலம், அடர் சாம்பல் என்று ஒரு வண்டியை வாங்கிவிட்டால், சில மாதங்களிலேயே வெயிலில் பார்க்கும்போது பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிய ஆரம்பிக்கும். "கருப்பு வேணாம்னு அப்பவே சொன்னேன்ல" என்ற பேச்சும் வீட்டில் வந்துவிடும்.

கருப்பு வாங்கியது தப்பில்லை. தெருவில் நிற்கும் கருப்பு வண்டியையும் பல வருஷம் பளபளப்பாக வைத்திருக்கலாம். இரண்டு பக்கெட், கொஞ்சம் தண்ணீர், நல்ல துணி ஒரு டஜன், வாரத்தில் ஒரு விடியற்காலை இருந்தால் போதும். கூடவே ஒரு பழக்கத்தை விட வேண்டும்: காய்ந்த வண்டியைத் துணியால் துடைப்பதை. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில் நம்ம பக்கத்துத் தூசியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கார் பெயிண்டின் மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். கம்பெனியிலிருந்து வரும் வண்டிகளில் அது பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியை விட மெல்லிசு. பளபளப்பு முழுக்க அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதில் விழும் நுண்கீறல் வெள்ளை, சில்வர் வண்டிகளிலும் அதே அளவுக்கு விழும், கண்ணில் படாது. கருப்பில் ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பளிச்சென்று தெரிந்துவிடும். ராத்திரி செல்போன் டார்ச்சைப் பானெட்டின் மேல் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதே, அது அத்தனையும் துணியின் வேலை.

வடசென்னைத் தூசி சாதாரணப் புழுதி இல்லை. எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் பறக்கும் சாம்பல் இருக்கிறது. சிலிகாவும் அலுமினாவும்தான் அதில் பெரும்பகுதி. தெரு மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7-இல் நிற்கிறது, கிளியர் கோட் அதன் கிட்டவே வர முடியாது. டி.எச். ரோட்டிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் கரி, அவற்றின் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள், மாதவரம், கொளத்தூர், பெரம்பூர் பக்கம் என்றால் மெட்ரோ வேலையின் சிமெண்டுத் தூசி, காசிமேடு முதல் திருவொற்றியூர் வரை கடல் உப்பு எல்லாம் சேர்ந்துதான் காலையில் உங்கள் பானெட்டில் படிந்திருக்கிறது. ராயபுரம், ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு முன்பு இன்னும் மோசமாக இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது இறக்குவது நின்று எண்ணூருக்குப் போன பிறகுதான் மொட்டை மாடியில் துணி காயப்போடும் அளவுக்காவது ஆனது.

இந்தத் தூசி சும்மா படிந்திருக்கிறவரை பெரிய கெடுதல் இல்லை. அதன் மேல் துணியை வைத்து அழுத்தித் தேய்க்கிற அந்த நிமிஷம்தான் உப்புத்தாள் வேலை ஆரம்பிக்கிறது. மஞ்சத் துணி, பனியன் வேஸ்ட், குச்சியில் கட்டிய டஸ்டர் எல்லாம் ஒன்றுதான். மெழுகு தடவிய டஸ்டர் பரவாயில்லையே என்று கேட்பார்கள். இந்த மண்ணுக்கு அதுவும் வேண்டாம்.

தினமும் காலையில் வண்டி துடைக்க ஒருவரை வைத்திருக்கிறீர்கள் என்றால் அவரை நிறுத்திவிடாதீர்கள். வேலையை மாற்றிக் கொடுங்கள். "அண்ணா, பாடியை மட்டும் தொடாதீங்க. கண்ணாடி, டயர், உள்ளே மேட் பார்த்துக்குங்க. மாசக் காசு அதேதான்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். ஒரே பக்கெட் தண்ணீரில் அடுத்தடுத்துப் பல வண்டிகளைத் துடைக்க வேண்டிய நிலையில் இருப்பவர் அவர். முதல் வண்டியின் மண் கடைசி வண்டியில் தேய்படுவதை அவரால் தவிர்க்க முடியாது.

வாங்க வேண்டியவை

அலசத் தேவையில்லாத கழுவும் திரவம் ஒன்று வேண்டும். கடையில் "ரின்ஸ்லெஸ் வாஷ்" என்று கேளுங்கள். போர்டிகோ இல்லாதவர்களுக்கு இது பெரிய உபகாரம். தண்ணீரில் கொஞ்சம் கலந்தால் போதும், அதிலுள்ள பாலிமர்கள் மண்ணைச் சுற்றிக்கொண்டு வழுக்கலைக் கொடுக்கும், துடைத்த பிறகு தண்ணீர் ஊற்றி அலச வேண்டியதில்லை. பல தயாரிப்புகளில் கலவை 1-க்கு 256, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 மில்லி. உங்கள் பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதிகம் ஊற்றினால் நன்றாகக் கழுவும் என்று நினைத்துச் சேர்த்தால் கருப்பில் கோடு கோடாகத் தங்கிவிடும். "வாட்டர்லெஸ் வாஷ்" என்று இன்னொன்று விற்கிறார்கள், ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது. லேசான தூசிக்கு ஆகும், நம் பக்கத்துக்கு ஆகாது.

துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் திரவம், தலைக்குப் போடும் ஷாம்பு, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் போட்ட வாக்ஸை வாரிக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெய் அப்போதைக்குப் பளபளப்புக் காட்டும், சாயங்காலத்துக்குள் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் இன்னும் நாலு மடங்கு தூசி ஒட்டியிருக்கும்.

துணியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மைக்ரோஃபைபர் துணி கழுவ எட்டு, வாக்ஸ் எடுக்க மூன்று, ஈரம் ஒற்றப் பெரிய டவல் ஒன்று. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலிலேயே கத்தரித்துவிடுங்கள், அந்த நைலான் முனையே கீறும். சக்கரத்துக்குப் பழைய துணி தனியாக, நிறம் வேறாக இருக்கட்டும். பக்கெட்டுக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டாம், காலியான 20 லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் பக்கெட் இரண்டை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டால் போதும், மூடியும் இருக்கும், படியில் தூக்கிவரும்போது சிந்தாது. செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர் ஒன்று நர்சரியிலோ உரக்கடையிலோ கிடைக்கும். ஹோஸ் இல்லாத குறையை இதுதான் தீர்க்கிறது. மற்ற சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஒரு தடவை போய்வந்தால் முடிந்துவிடும்.

தண்ணீர்

தெருவில் கழுவுபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. கடலோரத்து போர் தண்ணீர் உப்பு. அதைக் கருப்பு வண்டியில் விட்டு வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். ஓரிரு நாளில் எடுத்தால் போகும், மாதக்கணக்கில் விட்டால் பூச்சையே அரித்து நிரந்தரத் தழும்பாகிவிடும்.

எந்தத் தண்ணீர் ஆகும் என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வீட்டில் கிடைக்கும் தண்ணீரில் வகைக்கு ஒரு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள்: போர், மெட்ரோ வாட்டர், ஏசி தண்ணீர், கேன் தண்ணீர். காய்ந்த பிறகு எந்தச் சொட்டு வெள்ளை வளையம் விடவில்லையோ, அதுதான் வண்டிக்கு. பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான் ஜெயிக்கும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் அவுட்லெட் குழாயின் கீழே வைத்த பக்கெட் காலையில் பெரும்பாலும் நிறைந்திருக்கும். ஏசிக்குள்ளே படிந்த தூசி கலந்து வரும் என்பதால் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் பயன்படுத்தாதீர்கள், குழாயில் வந்ததை விட உப்பு அதில்தான் அதிகம். சக்கரத்துக்கு வேண்டுமானால் எதுவும் ஆகும்.

வண்டிக்கு மொத்தமே 15 லிட்டர் சுற்றித்தான் ஆகும். ஹோஸ் பிடித்தால் நூறு லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். 2019 கோடையில் புழல் ஏரி தரை தெரிய வறண்டு, தெருவில் குடத்தை வரிசை வைத்து லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. அதே தெருவில் ஒருவர் காருக்கு ஹோஸ் பிடித்தால் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும், எரிவது நியாயம்தான். சோப்பு நுரை ஓடி மழைநீர்க் கால்வாயில் விழுந்தால் அது பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும்தான் போய்ச் சேரும். அங்கே இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இடமும் நேரமும்

விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிப்பது உத்தமம். வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்கும். கடற்காற்று முற்பகலில்தான் எழும், அதற்கு முன் தூசி அடங்கியிருக்கும். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் தொடங்காதீர்கள். வேறு இடத்துக்கு ஓட்டிப் போய்க் கழுவுவதானால் என்ஜின் ஆற அரை மணி நேரம் விட வேண்டும்.

தெரு வடக்கு தெற்காக ஓடினால் காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவில் விழும். முந்தின ராத்திரியே வண்டியைக் கிழக்கு ஓரமாக நிறுத்திவிடுங்கள். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் உதயத்து வெயில் நீளத்துக்கும் அடிக்கும், அங்கே இன்னும் முன்னதாகவே எழ வேண்டும். உங்கள் தெரு ஆட்டோ கூடத் திரும்ப முடியாத சந்து என்றால், ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும் வியாபாரத் தெரு நல்லது. தூங்குமூஞ்சி மரத்தடி வேண்டாம், கரன்ட் கம்பிக்குக் கீழேயும் வேண்டாம். முதலாவதில் பிசின், இரண்டாவதில் காக்கை.

அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது அவசியம். "அக்கா, ஏழரைக்குள்ள முடிச்சிடுவேன், தண்ணி உங்க வாசப்பக்கம் வராது." அந்த நேரம்தான் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம். ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் அவர்கள் கோலத்தின் மேல் ஓடினால் அடுத்த வாரம் உங்களுக்கு அந்த இடம் கிடையாது. ரின்ஸ்லெஸ் முறையில் தரையில் விழுவதே சில சொட்டுதான் என்பதால் இதைச் சமாளிப்பது எளிது.

கழுவும் விதம்

முதல் பக்கெட்டில் 8 லிட்டர் தண்ணீர், அளவாகத் திரவம். எட்டுத் துணியையும் அதில் ஊறப்போடுங்கள். இரண்டாவது பக்கெட் காலியாக இருக்கட்டும், அழுக்கான துணி போட. ஸ்ப்ரேயரிலும் அதே கலவை 2 லிட்டர்.

வண்டியை ஒட்டுமொத்தமாக நனைக்காதீர்கள், ஒரு பாகம் முடிந்து அடுத்த பாகம். கூரையில் ஆரம்பியுங்கள். ஸ்ப்ரேயரால் நன்றாக நனைத்து இரண்டு நிமிஷம் விடுங்கள். கருப்புப் பெயிண்டின் மேல் சாம்பல் நிறத்தில் சேறு இளகி மெல்ல இறங்குவது கண்ணுக்கே தெரியும். அது இறங்கும்வரை கை வைக்கக் கூடாது. காய்வது போலிருந்தால் இன்னொரு முறை அடியுங்கள்.

பக்கெட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து, பிழியாமல், சொட்டச் சொட்ட நாலாக மடியுங்கள். அப்படி மடித்தால் முன்னும் பின்னும் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். துணியைப் பெயிண்ட் மேல் வைத்து அதன் எடையிலேயே ஒரே திசையில் நேராக இழுங்கள். அழுத்தக் கூடாது. வட்டமாகச் சுற்றக் கூடாது. போன வழியே திரும்பி வரவும் கூடாது. ஓர் இழுப்பு முடிந்ததும் துணியைத் தூக்கிப் பாருங்கள், விளிம்பில் கருங்கோடாக மண் சேர்ந்திருக்கும். முகத்தைத் திருப்பிப் புது முகத்தால் அடுத்த இழுப்பு. எட்டு முகமும் முடிந்தால் அந்தத் துணிக்கு அன்றைய வேலை முடிந்தது, காலிப் பக்கெட்டில் போட்டுவிடுங்கள். சுத்தத் தண்ணீரில் திரும்ப நனைக்கவே கூடாது. ஒரு பக்கெட் தண்ணீர் கடைசிவரை தெளிவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

துணி கையிலிருந்து நழுவித் தெருவில் விழுந்தால் அதையும் அழுக்குப் பக்கெட்டில் போடுங்கள். உதறிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். வேண்டாம்.

கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல் பாதி, கடைசியாகக் கதவுகளின் கீழ் பாதியும் பம்பர்களும் என்று மேலிருந்து கீழே வாருங்கள். கதவுக்குக் கீழ் ஓரத்தில்தான் மண் அதிகம், அங்கே தொட்ட துணி மேலே ஏறக் கூடாது. ஒவ்வொரு பாகமும் முடிந்த கையோடு டவலை விரித்து வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கதவைத் திறந்து உள்விளிம்புகளில் தேங்கும் தண்ணீரையும் ஒற்றிவிட வேண்டும், உப்புக் காற்றில் துரு பிடிக்கத் தொடங்குவது அங்கேதான். சக்கரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

மழைக்காலச் சேறு காய்ந்து அப்பியிருக்கும்போதும், சிமெண்டுக் கலவை தெறித்திருக்கும்போதும் இந்த முறை ஆகாது. வாட்டர் வாஷ் கடைக்குப் போய்விடுங்கள். ஆனால் அங்கே, "தம்பி, ஃபோம் அடிச்சு பிரஷர்ல தண்ணி மட்டும் விட்டுடுங்க, பிரஷ், துணி எதுவும் போட வேணாம், நானே துடைச்சுக்கிறேன்" என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி வண்டியாய்த் துடைத்த துணி உங்கள் பானெட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றபடி அந்தக் கடைகளால் நல்ல உபயோகம் உண்டு.

வாக்ஸுக்கு முன்

கழுவிய பானெட்டின் மேல் கையில் மெல்லிய கேரி பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். இரும்புத் துகள், தார், பிசின் உள்ளே பதிந்திருக்கிறது என்று அர்த்தம். கிளே பார் என்ற களிமண் கட்டியை அதே ரின்ஸ்லெஸ் கலவையால் நனைத்து, லேசாக வழுக்க விட்டால் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு வரும். தெருவில் செய்யும்போது கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த துண்டு குப்பைக்குத்தான். வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், கருப்பில் அதுவும் லேசான தடம் விடும். இரும்பைக் கரைத்து ஊதா நிறமாக ஒழுகும் திரவம் ஒன்று உண்டு. நன்றாக வேலை செய்யும், ஆனால் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும், நாற்றமும் அதிகம். அதை வாட்டர் வாஷ் நாளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர்ப் புள்ளிகள் இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள், பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். அந்த இடத்தில் வாக்ஸ் போயிருக்கும், புதிதாகப் போட வேண்டும்.

கடையில் "பாலிஷ்" என்று கேட்டால் பெரும்பாலும் ரப்பிங் காம்பவுண்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். காம்பவுண்ட் பூச்சைத் தேய்த்து மெலிதாக்கும் சாமான். வாக்ஸ் மேலே படியும் சாமான். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கீறல் நிறைய விழுந்த வண்டி என்றால் மெஷின் பாலிஷ் ஒரு தடவை தேவைப்படலாம். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

வாக்ஸ்

கார்னோபா வாக்ஸ் வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு, கருப்பு நிறத்துக்கு ஆழமான பளபளப்பைக் கொடுக்கும். அந்த மெழுகு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும், ஆனாலும் டப்பாவிலிருக்கும் கலவை மே மாத டிக்கியில் இளகிப் பிரிந்துவிடும். வீட்டிலேயே வையுங்கள். செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிட அதிக நாள் நிற்கும். நம் வெயிலிலும் உப்பிலும் கார்னோபா ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். நல்ல சீலன்ட் மூன்று நாலு மாதம் தாங்கும். தெருவில் செய்பவர்களுக்கு, அதிலும் முதல் தடவை செய்பவர்களுக்கு, என் சிபாரிசு ஸ்ப்ரே சீலன்ட். காரணம் காற்று. பேஸ்ட் வாக்ஸ் காயக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு தண்ணி லாரி போனால் போதும், அத்தனை தூசியும் ஈர வாக்ஸில் இறங்கிவிடும், அதைத் தேய்த்து எடுப்பது உங்கள் கையாலேயே கீறுவது.

ஸ்ப்ரே என்றால் பெயிண்ட் மேல் அடிக்காமல் துணியில் இரண்டு அழுத்து அழுத்தி, பாதிக் கதவு அளவுக்குத் தடவி, உடனே இன்னொரு காய்ந்த துணியால் திருப்பித் துடையுங்கள். ஒரு பாகத்தைக் கழுவி, ஒற்றி, வாக்ஸ் போட்டு முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் நடுவில் தூசி உட்கார நேரமே இருக்காது.

பேஸ்ட்தான் வேண்டும் என்கிறவர்கள் காற்றில்லாத நாளாகப் பாருங்கள். ஸ்பான்ஜில் எட்டணா அளவு எடுத்தால் கால் பானெட்டுக்கு வர வேண்டும். தடவியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரியான அளவு. விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், பிசுக்கில்லாமல் பளிச்சென்று கோடு விழுந்தால் எடுக்கலாம். கார்த்திகை மாதக் காலைகளில் காற்றிலேயே ஈரம் தங்கியிருக்கும், வாக்ஸ் காய மறுக்கும். அப்போது காத்திருப்பதில் பயனில்லை, தடவிய கையோடு எடுத்துவிடுங்கள். முதல் துணி வாக்ஸை எடுக்க, இரண்டாவது துணி மெருகேற்ற. கருப்பில் எண்ணெய்த் தடம் போல மேகம் மேகமாகத் தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஏசி தண்ணீரைப் புகையாக அடித்துத் துடைத்தால் போய்விடும். கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் பேஸ்ட் பட்டால் வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும், முன்கூட்டியே அங்கே காகித டேப் ஒட்டிவிடுங்கள். முன் கண்ணாடியில் எந்த வாக்ஸும் வேண்டாம், வைப்பர் நடுங்கும்.

செராமிக் கோட்டிங் போட்டவர்களுக்கும் கழுவும் முறை இதேதான்.

இடைப்பட்ட நாட்கள்

காக்கை எச்சத்தை ஒத்திப்போட முடியாது. மே மாத வெயிலில் சில மணி நேரத்திலேயே கருப்புப் பெயிண்டில் தடம் விழுந்துவிடும். கதவுப் பையில் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் ரின்ஸ்லெஸ் கலவையும் ஒரு துணியும் வைத்திருங்கள். நனைத்த துணியை அதன் மேல் போட்டு இரண்டு நிமிஷம் ஊறவிட்டு அப்படியே வழித்துத் தூக்குங்கள்.

கார் கவர் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கழுவிய வண்டிக்குப் போட்டால் நல்லது. தூசி படிந்த வண்டிக்குப் போட்டால், காற்றில் கவர் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டு அதே தூசியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், கவர் என்ன பாடுபடும்! ஆடியில் என் கவரை மடித்து வைத்துவிடுவேன்.

போகிக்கு முந்தின நாள் வாக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வண்டி மேல் கரித்துகள் கருப்புப் பனியாக இறங்கியிருக்கும், எண்ணெய்ப்பசை உள்ளது, காய்ந்த துணி பட்டால் இழுவிக்கொள்ளும். தீபாவளிக்கு மறுநாளும் அப்படித்தான். முதலில் ஸ்ப்ரேயர், அப்புறம்தான் துணி.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்று சாயங்காலமே ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் கோடு விழும், குங்குமம் வாக்ஸ் இல்லாத இடத்தில் சிவப்பாகத் தங்கிவிடும். பூசணிக்காய் உடைத்த சாறும் எலுமிச்சைச் சாறும் பம்பரில் தெறித்திருந்தால் அன்றே துடைத்துவிட வேண்டும்.

துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சம் போட்டுத் தனியாக அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி மணத்துக்குப் போடும் திரவம் சேர்த்தால் மைக்ரோஃபைபர் தண்ணீரை உறிஞ்சாது. மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டால் வண்டியில் விழுந்த அதே சாம்பல் துணியிலும் விழும், வீட்டுக்குள் ஃபேனுக்கடியில் காயவைத்து, மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டிலேயே போட்டு வையுங்கள்.